கோப்புக்குள் ஒரு தரவுத்தளம், காத்திருக்க மறுக்கும் ஒரு மொழி

எஸ்கியூலைட்டுக்கு சர்வர் கிடையாது. போர்ட் எண், பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் கிடையாது. தரவுத்தளம் முழுவதும் வட்டில் இருக்கும் ஒரே கோப்பு; அதைப் படிக்கவும் எழுதவும் தெரிந்த சி மொழி நூலகம் நம் நிரலோடு சேர்ந்தே ஓடுகிறது. செலக்ட் கட்டளையை 'அனுப்புகிறோம்' என்று பேச்சுக்குச் சொன்னாலும், வாங்கிக்கொள்ள எதிர்முனையில் யாரும் இல்லை. நம் நிரலின் த்ரெட்டே நூலகத்துக்குள் நுழைந்து, இண்டெக்ஸ் மரத்தில் இறங்கித் தேடி, பதிவை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்றவற்றின் கதை வேறு. கேள்வியை சாக்கெட்டில் எழுதிவிட்டால் மீதி வேலையை இன்னொரு ப்ராசஸ் பார்த்துக்கொள்ளும். பதில் வரும்வரை நாம் வேறு பயனரைக் கவனிக்கலாம். ஒத்திசைவற்ற நிரலாக்கம், அதாவது அஸின்க் முறை, இந்த இடைவெளியை நம்பித்தான் எழுந்தது. எஸ்கியூலைட்டில் அந்த இடைவெளியே இல்லாதபோது, பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதற்கு அஸின்க் நூலகங்கள் எதற்கு? அவை உண்மையில் என்ன செய்கின்றன? இதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில்கள் இரண்டு: 'அஸின்க் என்றால் வேகம்', 'எஸ்கியூலைட்டுக்கு அஸின்க் தேவையே இல்லை'. இரண்டுமே பாதி உண்மைகள். இரண்டும் தொடாமல் விடும் இடத்தில்தான், அதாவது பரிவர்த்தனையின் எல்லையில்தான், தரவு கெடுகிறது.

ரிச்சர்ட் ஹிப் 2000-ஆம் ஆண்டில் எஸ்கியூலைட்டைத் தொடங்கியபோது, அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைப் போர்க்கப்பல்களுக்கான சேதக் கட்டுப்பாட்டு மென்பொருளில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அந்த மென்பொருள் இன்ஃபார்மிக்ஸ் சர்வரை நம்பியிருந்தது. தனி சர்வரும் அதைப் பராமரிக்க ஓர் ஆளும் இல்லாமல் நிரல் தானாகவே இயங்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் எஸ்கியூலைட். அதன் முதல் உருவமே டிசிஎல் என்னும் ஸ்கிரிப்ட் மொழிக்கான நீட்சி. ஆக, ஸ்கிரிப்ட் மொழியோடு அதற்குள்ள உறவு பிறவி உறவு. ஆனால் அந்த உறவு நேரடி அழைப்பு என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது. 2009-இல் ரயன் டால் ஜாவாஸ்கிரிப்டுக்கான நோட் சூழலை அறிமுகப்படுத்தியதும், 2014-இல் பைத்தான் 3.4-இல் அஸின்க்ஐஓ வந்ததும், மறு ஆண்டே 3.5-இல் 'அஸின்க்', 'அவெய்ட்' சொற்கள் மொழிக்குள் நுழைந்ததும் அந்த அடித்தளத்தோடு உரசத் தொடங்கின. இந்தச் சூழல்களில் ஒரே த்ரெட் ஈவென்ட் லூப்பைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஓடும் எந்த வேலையும் நீண்ட நேரம் நின்றுவிடக் கூடாது. ஒருவர் நின்றால் எல்லாரும் நிற்பார்கள்.

எஸ்கியூலைட் அழைப்பு எங்கெங்கே நிற்கிறது என்று பிரித்துப் பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

கணக்கிடும் நேரம் ஒன்று. முதன்மைச் சாவியைக் கொண்டு ஒரு பதிவைத் தேடுவது, பக்கங்கள் நினைவகத்தில் இருந்தால், மைக்ரோ வினாடிக் கணக்கில் முடிந்துவிடும். எஸ்கியூலைட்டின் சொந்த இணையதளத்தைப் பற்றி அதன் ஆசிரியர்கள் 2015-இல் எழுதிய கணக்கு ஒன்று உண்டு: நாளொன்றுக்கு நான்கு முதல் ஐந்து லட்சம் கோரிக்கைகள், அவற்றில் 15 முதல் 20 விழுக்காடு தரவுத்தளத்தைத் தொடும் பக்கங்கள், அப்படிப்பட்ட ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 எஸ்கியூஎல் கட்டளைகள். சர்வர் வகைத் தரவுத்தளத்தில் பக்கத்துக்கு 200 கேள்வி என்றால் யாரும் திட்டுவார்கள், ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க்கில் போய்வர வேண்டும். இங்கே போய்வரும் செலவு ஃபங்ஷன் அழைப்பின் செலவுதான்.

அடுத்தது எஃப்சிங்க். பரிவர்த்தனை முடிந்தது என்று சொல்லும் முன் தரவு உண்மையிலேயே வட்டில் பதிந்துவிட்டதா என்று இயங்குதளத்திடம் உறுதிகேட்கும் அழைப்பு அது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் வட்டில் நொடிக்குச் சுமார் 60 பரிவர்த்தனைகளே சாத்தியம். அதே வட்டில் எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனைக்குள் போட்டால் நொடிக்கு 50,000-க்கு மேல் பதிவுகளைச் சேர்க்கலாம். எஸ்கியூலைட்டின் கேள்வி-பதில் பக்கத்தில் பல ஆண்டுகளாக இருக்கும் விளக்கம் இது. திடநிலை வட்டுகள் இந்த இடைவெளியைக் குறைத்திருக்கின்றன, இல்லாமல் ஆக்கிவிடவில்லை.

எஃப்சிங்க் எவ்வளவு கொடுமைக்காரனாக முடியும் என்பதற்கு 2008-ஆம் ஆண்டின் ஃபயர்பாக்ஸ் 3 சாட்சி. உலாவல் வரலாற்றையும் புக்மார்க்குகளையும் அது எஸ்கியூலைட்டில் வைத்தது. லினக்ஸின் எக்ஸ்ட்3 கோப்பு முறையில், ஒரு கோப்புக்கு எஃப்சிங்க் கேட்டால் நிலுவையில் உள்ள மற்றக் கோப்புகளின் தரவையும் சேர்த்தே வட்டுக்குத் தள்ள வேண்டியிருந்தது. பின்னணியில் பெரிய கோப்பு ஏதாவது நகலாகிக்கொண்டிருந்தால், ஒரு இணைப்பைச் சொடுக்கியதும் உலாவி நொடிக்கணக்கில் உறைந்தது. அதன்பின் மொஸில்லாவின் நிரலாளர்கள் முதன்மைத் த்ரெட்டிலிருந்து தரவுத்தள வேலையை விலக்கப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். கடைசியில் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து பிராமிஸ் வழியாக எஸ்கியூலைட்டை அழைக்கும் நூலகம் ஒன்றையே தங்களுக்குள் கட்டிக்கொண்டார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வடிவமைப்புகளில் அதுவும் ஒன்று. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, பூட்டு. எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பல கைகள் வரிசையில் நின்றாலும் பேனா ஒன்றுதான். பூட்டு கிடைக்கவில்லை என்றால் 'பிஸி' என்ற பிழை வரும், அல்லது குறிப்பிட்ட கால அளவுக்கு நூலகம் உள்ளேயே தூங்கித் தூங்கி முயலும். பைத்தானின் எஸ்கியூலைட்3 தொகுதியில் இயல்பான அளவு 5 நொடி. மற்ற இரண்டையும் கவனமாக எழுதினால் மில்லி வினாடிகளுக்குள் அடக்கிவிடலாம். ஈவென்ட் லூப்பில் 5 நொடி என்பது ஒரு யுகம்.

இந்த நிறுத்தங்களை எஞ்சினுக்குள்ளேயே போக்கிவிட எஸ்கியூலைட் குழுவே ஒருமுறை முயன்றிருக்கிறது. எழுத வேண்டியவற்றை ஒரு வரிசையில் போட்டுவிட்டு எஞ்சின் உடனே திரும்பிவிடும். பின்னணித் த்ரெட் ஒன்று அவற்றை மெல்ல வட்டில் எழுதும். இதற்கு 'அசிங்க்ரனஸ் ஐஓ மாட்யூல்' என்று பெயர். வேகம் கிடைத்தது. ஆனால் 'கமிட் ஆகிவிட்டது' என்ற சொல் பொய்யாகிப்போனது: மின்சாரம் போனால், முடிந்ததாக அறிவிக்கப்பட்ட பரிவர்த்தனைகள் காணாமல் போகலாம். கோப்பு கெடாது; நீடித்திருக்கும் என்ற உறுதி மட்டும் போய்விடும். இன்று அந்த நீட்சி கைவிடப்பட்டுவிட்டது. 2010 ஜூலையில் 3.7.0 பதிப்போடு வந்த ரைட்-அஹெட் லாக் முறையை, சிங்க்ரனஸ் அமைப்பை 'நார்மல்' என்று வைத்துப் பயன்படுத்துங்கள் என்பதே அவர்களின் இன்றைய அறிவுரை. அதிலும் மின்தடையில் கடைசிச் சில பரிவர்த்தனைகள் போகக்கூடும். ஆனால் அந்தச் சமரசத்தை நாம் ஒரு வரியில், தெரிந்தே தேர்ந்தெடுக்கிறோம்.

ரைட்-அஹெட் லாக் இந்தத் தலைப்புக்கே உயிர்நாடி. புதிய மாற்றங்கள் மூலக் கோப்பில் விழாமல் பக்கத்தில் உள்ள இன்னொரு கோப்பின் கடைசியில் சேர்கின்றன. அதனால் படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை. எழுதுபவரும் படிப்பவரைத் தடுப்பதில்லை. எழுதுபவர் ஒருவரே என்ற விதி மட்டும் அப்படியே நிற்கிறது. இந்த முறையை இயக்காமல் அஸின்க் நூலகத்தைத் தேடிப் போவது வீண் வேலை.

இனி நூலகங்கள். பைத்தானில் பரவலாகப் பயன்படும் ஏஐஓ-எஸ்கியூலைட் செய்வது எளிய காரியம். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு த்ரெட்டைத் தொடங்குகிறது. நாம் 'அவெய்ட்' போட்டு அழைக்கும் ஒவ்வொரு வேலையும் அந்தத் த்ரெட்டின் வரிசையில் விழுகிறது. முடிவு ஃபியூச்சர் ஒன்றின் வழியாக லூப்புக்குத் திரும்புகிறது. எஞ்சின் அதே பழைய எஞ்சின், அழைப்பு அதே நிற்கும் அழைப்பு. நிற்பது வேறு த்ரெட், அவ்வளவுதான். இதில் தவறேதும் இல்லை. பைத்தானின் எஸ்கியூலைட்3 தொகுதி, எஞ்சினுக்குள் இறங்கும்போது, பைத்தான் குறியீட்டை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே ஓட்ட விடும் ஜி.ஐ.எல் பூட்டை விட்டுவிடுகிறது. எனவே எஃப்சிங்க்குக்காகவோ தரவுத்தளப் பூட்டுக்காகவோ அந்தத் த்ரெட் நிற்கும்போது லூப் உண்மையாகவே ஓடும். ஆனால் கிடைத்த பதிவுகளைப் பைத்தான் பொருள்களாக மாற்றும் வேலைக்கு ஜி.ஐ.எல் மீண்டும் வேண்டும். லட்சம் பதிவுகளை மொத்தமாக அள்ளினால் லூப்பும் அந்தத் த்ரெட்டும் ஒரே பூட்டுக்கு மல்லுக்கட்டும். அங்கே அஸின்க் நம்மைக் காப்பாற்றாது. கேள்வியைச் சிறிதாக்குவதே வழி.

சிறு கேள்விகளுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஒரு த்ரெட்டிலிருந்து இன்னொரு த்ரெட்டுக்குப் போய்வரும் செலவு, சில மைக்ரோ வினாடிகளில் முடியும் தேடலை விடப் பல மடங்கு கூடுதலாக இருக்கலாம். எஸ்கியூலைட்டின் பெரிய வரம் போய்வரும் செலவின்மை. ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியே த்ரெட் தாண்டி அனுப்பினால் அந்த வரத்தை நாமே துறக்கிறோம். பைத்தானின் தரவுத்தள நூலகமான எஸ்கியூஎல்ஆல்கெமியை உருவாக்கிய மைக் பேயர், தரவுத்தளக் குறியீட்டை அஸின்க் ஆக்குவதால் வேகம் கூடுவதில்லை என்று 2015-இலேயே விரிவாக எழுதினார். அவர் பேசியது சர்வர் வகைத் தரவுத்தளங்களைப் பற்றி. உட்பொதிந்த தரவுத்தளத்துக்கு அந்த வாதம் இன்னும் வலுவாகவே பொருந்தும்.

நோட் உலகம் இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிளந்தது. பழைய நோட்-எஸ்கியூலைட்3, வேலையை நோட்டின் அடியில் உள்ள லிப்யூவி நூலகத்தின் த்ரெட் குளத்துக்கு அனுப்பி கால்பேக் வழியாகப் பதில் தரும். அந்தக் குளத்தில் இயல்பாக இருப்பவை நான்கே த்ரெட்டுகள். கோப்பு வாசிப்பு, டிஎன்எஸ் தேடல், சில குறியாக்கக் கணக்குகள் எல்லாம் அதே நான்கைத்தான் நம்பியிருக்கின்றன. நான்கு கனத்த கேள்விகள் ஒரே நேரத்தில் ஓடினால், தரவுத்தளத்தோடு சம்பந்தமே இல்லாத கோப்பு வாசிப்பும் காத்து நிற்கும். ஏன் நிற்கிறது என்று தேடுபவருக்கு எளிதில் தடயம் கிடைக்காது. பெட்டர்-எஸ்கியூலைட்3 எதிர்த்திசையில் போனது: எல்லா அழைப்பும் நேரடி அழைப்பு, கனத்த வேலை இருந்தால் தனி வொர்க்கர் த்ரெட்டில் போடுங்கள். 2024 ஜூலையில் நோட் 22.5 பதிப்போடு உள்ளேயே வந்து சேர்ந்த எஸ்கியூலைட் தொகுதியும் 'டேட்டாபேஸ்சிங்க்' என்ற பெயரிலேயே நேரடி முறையைத்தான் முதலில் தந்தது. காத்திராமையையே கொள்கையாகக் கொண்டு பிறந்த சூழல் இப்படி ஒரு முடிவை எடுத்தது சிந்திக்கத்தக்கது. என் தீர்ப்பும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஒரே ப்ராசஸ், சிறு கேள்விகள், ரைட்-அஹெட் லாக் என்றால் நேரடி அழைப்பு போதும்.

ஒரு நிபந்தனை உண்டு. நேரடி அழைப்பையும் அஸின்க் குறியீட்டையும் கண்மூடிக் கலந்தால் நடப்பதைப் பார்ப்போம். ஒரே லூப்பில் இரண்டு பணிகள்; இரண்டுக்கும் தனித்தனி இணைப்பு. முதல் பணி எழுதும் பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு, நடுவில் ஏதோ ஒரு இணையச் சேவையிடம் கேட்க 'அவெய்ட்' போடுகிறது. லூப் இரண்டாம் பணிக்கு மாறுகிறது. அது நேரடியாக எழுத முயல்கிறது; பூட்டு முதல் பணியிடம். நூலகத்துக்குள்ளேயே 5 நொடி தூங்குகிறது. அதுவரை லூப் நிற்கிறது. லூப் நின்றால் முதல் பணி எழுந்து பூட்டை விட வழியே இல்லை. 5 நொடி முடிந்ததும் 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' என்ற பிழை. காலக்கெடுவை 30 நொடியாகக் கூட்டினால் உறைவு 30 நொடி ஆகும், பிழை போகாது. இதைக் கண்டு எஸ்கியூலைட் பலரைத் தாங்காது என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம். எஞ்சின் மேல் குற்றமே இல்லை. பரிவர்த்தனைக்குள் ஒரு 'அவெய்ட்' உட்கார்ந்திருக்கிறது, குற்றம் அங்கே.

இணைப்பைப் பகிர்ந்தாலோ இன்னும் மோசம், ஏனெனில் பிழையே வராது. எஸ்கியூலைட்டில் பரிவர்த்தனை என்பது இணைப்புக்கு உரியது, பணிக்கு உரியது அல்ல. ஒரே அஸின்க் இணைப்பை இரண்டு பணிகள் பயன்படுத்தும்போது, ஒருவர் 'பிகின்' சொல்லி, ஒரு கணக்கில் பணத்தைக் கழித்து, மறு கணக்கில் கூட்டும் முன் இன்னொருவரின் கட்டளை அதே வரிசையில் இடையே புகுந்துவிடும். பின்னவர் 'கமிட்' சொன்னால் முன்னவரின் பாதி வேலை நிலைபெறும்; முன்னவர் 'ரோல்பேக்' சொன்னால் பின்னவரின் முழு வேலை அழியும். த்ரெட் பாதுகாப்பு முழுமையாக இருக்கிறது, கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடுகின்றன, ஆனாலும் தரவு கெட்டுவிட்டது. தனித்தனிக் கட்டளைகளை வரிசைப்படுத்தும் நூலகங்கள் பல உண்டு. பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்துபவை குறைவு. மொஸில்லாவின் நூலகத்தை மதிக்கிறேன் என்றது இதனால்தான். அதில் பரிவர்த்தனை என்பது ஒரு ஃபங்ஷனாக ஒப்படைக்கப்படும் ஒரே அலகு. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும். பெட்டர்-எஸ்கியூலைட்3 இன்னும் கண்டிப்பானது: பரிவர்த்தனை ஃபங்ஷன் பிராமிஸைத் திருப்பித் தந்தால் பிழை எறிந்துவிடும்.

உலாவிகள் இந்தப் பாடத்தை முன்பே கற்றிருந்தன. வெப் எஸ்கியூஎல் என்ற பழைய இடைமுகம், எஸ்கியூலைட்டை உலாவிப் பக்கங்களுக்குக் கால்பேக் வழியாகத் திறந்துவிட்டது. அதில் பரிவர்த்தனைக்குக் காத்திருக்கும் கட்டளை எதுவும் இல்லையென்றால் அது தானாக முடிந்துவிடும். பரிவர்த்தனையைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு எதற்கும் காத்திருக்க முடியாது. அதைச் செயல்படுத்திய எல்லா உலாவிகளும் எஸ்கியூலைட் ஒன்றையே நம்பியதால், தரநிலை ஆவதற்குத் தேவையான தனித்தனிச் செயலாக்கங்கள் இல்லை என்று 2010 நவம்பரில் டபிள்யூ3சி அந்த முயற்சியை நிறுத்திக்கொண்டது. அடுத்து நிலைத்த இண்டெக்ஸ்டுடிபியும் அதே ஒழுக்கத்தைப் பின்பற்றுகிறது. நடுவில் வேறு எதற்காவது காத்திருந்துவிட்டு வந்தால் பரிவர்த்தனை செயலிழந்திருக்கும். நிரலாளர்கள் இதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு அது காவலாகவே படுகிறது.

இன்று எஸ்கியூலைட் வெப்அசெம்பிளி வழியாக உலாவிக்குத் திரும்பியிருக்கிறது. அங்கே சிக்கல் தலைகீழ். உலாவியின் ஓபிஎஃப்எஸ் கோப்பு இடைமுகம் பெரும்பாலும் அஸின்க். எஸ்கியூலைட்டோ நேரடிப் பதிலைத்தான் எதிர்பார்க்கிறது. அதிகாரபூர்வப் பதிப்பு முதலில் கண்ட வழி: ஒரு வொர்க்கர் அஸின்க் கோப்பு வேலையைச் செய்ய, எஞ்சின் ஓடும் வொர்க்கர் பகிர்ந்த நினைவகத்தில் 'அட்டாமிக்ஸ் வெயிட்' போட்டு நிற்கும். வெப்அசெம்பிளி கம்பைலரான எம்ஸ்கிரிப்டனின் அஸின்கிஃபை உத்தியால் எஞ்சினையே நடுவில் நிறுத்தி எழுப்பும் வழியும் உண்டு. அதில் வெப்அசெம்பிளி கோப்பு பருக்கும், வேகம் குறையும். நேரடிக் கைப்பிடிகளை முன்கூட்டியே திறந்து ஒரு குளமாக வைத்துக்கொள்ளும் பிந்தைய வழி வேகமானது, ஆனால் இரண்டு டேப்கள் ஒரே நேரத்தில் அந்தத் தரவுத்தளத்தைத் திறக்க முடியாது.

படிப்பது பாதுகாப்பு என்ற நினைப்பிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அஸின்க் மொழியில் கர்ஸரை ஒவ்வொரு பதிவாகச் சுற்றி, ஒவ்வொன்றையும் மெதுவான இணைப்புள்ள பயனருக்கு அனுப்புவது அழகான குறியீடாகத் தெரியும். அந்தக் கர்ஸர் திறந்திருக்கும் வரை ஒரு படிப்புப் பரிவர்த்தனை உயிரோடு இருக்கிறது. ரைட்-அஹெட் லாக் கோப்பு இயல்பாக 1000 பக்கங்களைத் தொட்டதும் மூலக் கோப்புக்குள் சேர்க்கப்படும். பழைய காட்சியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கும்போது அந்த வேலை பாதியில் நின்றுவிடும். எப்போதும் யாராவது ஒருவர் படித்துக்கொண்டே இருந்தால் அந்தக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும், படிப்பு மெல்ல மெல்லத் தளரும். தேவையானதை மொத்தமாகப் படித்து, கர்ஸரை மூடிவிட்டு, பிறகு அனுப்புவதே சரி.

எழுதுபவருக்கும் இதேபோல ஒரு வழக்கம் வேண்டும். செலக்ட்டில் தொடங்கி நடுவில் அப்டேட்டுக்கு மாறும் பரிவர்த்தனை, இடையில் வேறொருவர் எழுதிவிட்டிருந்தால் காலக்கெடு வரை காத்திராமல் உடனே 'பிஸி' என்று விழும். தன் பழைய காட்சியின் மேல் எழுத அதற்கு அனுமதி இல்லை. எவ்வளவு காத்தாலும் பயனில்லை என்பது எஞ்சினுக்குத் தெரியும். எழுதப்போவது உறுதி என்றால் 'பிகின் இம்மீடியட்' என்று தொடங்கி, பூட்டை முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் எனக்குச் சரியாகப் படும் கட்டமைப்பு இது. எழுத ஒரே இணைப்பு, ஒரே த்ரெட். அதற்கு முன் பரிவர்த்தனைகளின் வரிசை. அந்த வரிசையில் விழுவது தனிக் கட்டளையாக இல்லாமல், நேரடிக் குறியீடாக எழுதப்பட்ட ஒரு முழு ஃபங்ஷனாக இருக்க வேண்டும். அது ஒருமுறை த்ரெட் தாண்டிப் போய், எல்லாவற்றையும் முடித்து, ஒருமுறை திரும்பும். அதற்குள் 'அவெய்ட்' எழுதவே வழியில்லை. போய்வரும் செலவும் இருநூறு கட்டளைக்கு ஒன்றாகச் சுருங்கும். படிக்கச் சில தனி இணைப்புகள். பைத்தானில் இதற்குப் பெரிய நூலகம்கூடத் தேவையில்லை. ஒற்றைத் த்ரெட் கொண்ட எக்ஸிக்யூட்டர் ஒன்று போதும்.

டக்டிபி போன்ற பகுப்பாய்வுத் தரவுத்தளங்களில் நிலைமை மாறும். அங்கே ஒரு கேள்வி பல நொடிகள் ஓடுவது சகஜம். அழைப்பை லூப்பிலிருந்து விலக்கியே ஆக வேண்டும்.

எஞ்சினையே திருத்தி எழுதும் முயற்சியும் நடக்கிறது. 2019-இல் லினக்ஸ் 5.1-இல் வந்த ஐஓ-யூரிங் இடைமுகம், கோப்பு வேலைகளை உண்மையாகவே காத்திராமல் ஒப்படைக்க வழி திறந்தது. அதை நம்பி, எஸ்கியூலைட்டோடு ஒத்துப்போகும் எஞ்சினை ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதும் திட்டத்தை, முதலில் லிம்போ என்ற பெயரில், டர்சோ நிறுவனம் 2024 டிசம்பரில் அறிவித்தது. வட்டுக்காகக் காத்திருக்கும்போது எஞ்சினே கட்டுப்பாட்டைத் திருப்பித் தருமானால் த்ரெட் தாண்டும் வித்தைகள் பல தேவையற்றுப்போகும். அந்த நாளை நானும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். ஆனால் பரிவர்த்தனைக்குள் 'அவெய்ட்' போட்டுப் பூட்டைப் பிடித்திருக்கும் நிரலை ஐஓ-யூரிங் திருத்தாது.

மிகக் குறைவாகப் பேசப்படுவது ரத்து செய்தல். பயனர் உலாவியை மூடிவிட்டார். அவருக்கான பணி ரத்தாகிறது. பைத்தானில் ரத்தாவது லூப்பில் உள்ள காத்திருப்பு மட்டுமே. த்ரெட்டில் ஓடும் கேள்வி தொடர்ந்து ஓடும். 'பிகின்' வரிசையில் விழுந்த கணத்தில் ரத்து வந்தால், கேட்டவர் போன பிறகும் பரிவர்த்தனை திறக்கும், மூட ஆள் இருக்காது. எஸ்கியூலைட்டில் ஓடும் கேள்வியை வெட்ட 'இன்டரப்ட்' என்ற அழைப்பு இருக்கிறது. இன்னொரு த்ரெட்டிலிருந்தும் அழைக்கலாம். ஆனால் அது அந்த இணைப்பில் ஓடும் எல்லாவற்றையும் வெட்டும். வெளிப்படையாகத் தொடங்கிய பரிவர்த்தனைக்குள் எழுதிக்கொண்டிருந்த கட்டளை வெட்டுப்பட்டால் முழுப் பரிவர்த்தனையும் பின்வாங்கப்படும். இணைப்பைப் பலர் பகிர்ந்திருந்தால் ஒருவரின் ரத்து இன்னொருவரின் வேலையை அழிக்கும். ஒரு அஸின்க் நூலகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் ஆவணத்தில் நான் தேடுவது வேக அட்டவணையை அல்ல. ரத்து வந்தால் த்ரெட்டில் உள்ள கேள்விக்கு என்ன ஆகும், திறந்த பரிவர்த்தனையை யார் மூடுவார், மூடும் வரை அந்த இணைப்பு வேறு யாருக்கும் தரப்படாமல் இருக்குமா என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்.